சுருதி சேர்க்கச் சொல்லித் தராத வாத்தியார்

அடைக்கலம் என்ற பஸ் டிரைவருக்குக் காது இல்லை என்று முப்பது பேர் முன்னால் நான் சொன்னேன். அது பொய். ஒரு கம்பி சுருதி விலகுவதை அவரைப் போல உடனே கண்டுபிடித்த ஆளை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

கித்தார் சொல்லிக்கொடுக்க வந்திருக்கும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களில் சிலர் ஆப்பிளும் சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு என்னைப் பார்க்க வருகிறீர்கள். புதுக்கோட்டையில் அந்தக் காலத்தில் எப்படியெல்லாம் பாடுபட்டு இந்த வாத்தியத்தை வளர்த்தீர்கள் என்று கேட்கிறீர்கள். நான் வளர்த்தது என் பெயரை. வாத்தியம் அதன் பாட்டுக்கு வளர்ந்தது, நான் குறுக்கே நின்றும் வளர்ந்தது. உங்கள் வகுப்பறைகளுக்கும் வந்து பார்த்திருக்கிறேன். சுவரில் நீங்கள் மேடையில் மாலையோடு நிற்கும் படம். மூலையில் மாணவர்களின் கித்தார்கள் வரிசையாக. வகுப்புத் தொடங்கும் முன் நீங்களே ஒவ்வொன்றாக எடுத்துச் சுருதி சேர்த்துக் கொடுக்கிறீர்கள். நேரம் மிச்சம் என்று சொல்கிறீர்கள். நானும் அப்படித்தான் சொன்னேன்.

சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருடம் நான் பி.ஏ. முடித்திருந்தேன். அப்பா எனக்குத் தாலுகா ஆபீசில் ஒரு நாற்காலி பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒரு முன்னாள் பேண்டுக்காரர் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். சமஸ்தானத்தில் வாசித்தவர். சமஸ்தானம் போனதும் அவருக்கு வேலையும் போனது. அவரிடம் ஒரு கித்தார் இருந்தது. இன்றைக்கு நீங்கள் மார்போடு அணைத்து வாசிப்பது போல இல்லை. மடியில் கிடத்தி, இடது கையில் ஓர் எஃகுத் துண்டைப் பிடித்துக் கம்பிகள்மேல் வழுக்கிக்கொண்டு, வலது கை விரல்களால் மீட்டுவது. ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு அது குரல் போலவே இழைந்து போகும். முதல் முறை கேட்டபோது எனக்குப் பசி நின்றுவிட்டது. அன்று தொடங்கிய ஆசை இந்த எழுபத்தைந்து வயதிலும் குறையவில்லை. காலையில் கித்தாரைத் தொடாமல் நான் காப்பி குடித்ததில்லை. இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் உண்டு. இசைமேல் உண்மையான ஆசை வைத்திருப்பவன் நல்லவனாகவும் இருப்பான் என்று நினைத்து ஏமாறாதீர்கள். எனக்கு ஆசை நிறைய இருந்தது. யோக்கியதை கொஞ்சம்தான் இருந்தது.

அந்தப் பெரியவர் பாட்டெல்லாம் தாராளமாகச் சொல்லிக்கொடுப்பார். சுருதி சேர்க்கும்போது மட்டும் முதுகைத் திருப்பிக்கொள்வார். கித்தாரின் தலையில் இருக்கும் ஆறு சாவிகளில் எதை எவ்வளவு திருக்குகிறார் என்று பார்க்க விடமாட்டார். நான் கடன் வாங்கிய கித்தாரோடு வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு நாலு மாதம் தடவித் தடவிக் கண்டுபிடித்தேன். எத்தனை கம்பிகளை அறுத்தேனோ. அவ்வளவு பட்டவன் தன் மாணவர்களுக்காவது முதல் நாளே சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும், இல்லையா? அவரிடம் நான் கற்றதில் மிக நன்றாகக் கற்றது அந்த முதுகைத்தான்.

திருக்கோகர்ணத்தில் ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்துச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினேன். வக்கீல் வீட்டு அம்மாள் நவராத்திரிக்கு இரண்டு பாட்டு வாசித்தால் போதும் என்று வந்தார். டாக்டர் மகன் தலைமுடியைக் கோதிக்கொள்வதற்காக வந்தான். எல்லார் கித்தாருக்கும் நான்தான் சனிக்கிழமை தோறும் சுருதி வைப்பேன். அதுவும் வேறு யாரும் வைக்காத ஒரு சுருதி, நானே யோசித்து வைத்தது. என்னை விட்டுப் போகிறவன் வேறெங்கும் போய் வாசிக்க முடியாது. சாவியைத் தொட்டால் கம்பி அறும், கழுத்து வளையும், மெட்ராஸிலிருந்து புதுக் கம்பி வர ஒரு மாதமாகும் என்று எல்லாரையும் பயமுறுத்தி வைத்திருந்தேன். படித்த வக்கீலே நம்பினார்.

அடைக்கலம் என்னைவிட எட்டு வயது மூத்தவர். சொந்த ஊர் அரிமளம். புதுக்கோட்டைக்கும் அரிமளத்துக்கும் பஸ் ஓட்டினார். மத்தியானம் வண்டி இரண்டு மணி நேரம் நிற்கும். மற்ற டிரைவர்கள் அப்போது படுத்துத் தூங்குவார்கள். இவர் காக்கிச் சட்டையோடு சைக்கிளில் என் அறைக்கு வருவார். கை கழுவிவிட்டுத்தான் கித்தாரைத் தொடுவார். நாலு வருடம் ஒரு வாரம்கூடத் தவறவில்லை. ஒரு நாள் வாசித்துக்கொண்டிருந்தவர் நிறுத்தி, "நாலாவது கம்பி எறங்கியிருக்குங்க" என்றார். எனக்கு அது கேட்கவில்லை. ஒங்களுக்கு என்ன தெரியும், வாசிங்க என்றேன். அவர் போன பிறகு சரிபார்த்தேன். மயிரிழை இறங்கித்தான் இருந்தது. இப்படி ஐந்தாறு தடவை நடந்தது. ஒவ்வொரு தடவையும் அவர் சொன்னது தப்பு என்றே சொன்னேன். கடைசியில் சொல்வதை நிறுத்திவிட்டார்.

சாவியை அவர் ஏன் தானாகத் திருக்கிப் பார்க்கவில்லை என்று கேட்பீர்கள். பஸ் ஷெட்டில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. இஞ்சினில் கோளாறு என்றால் டிரைவர் சொல்லலாம், கை வைக்கக் கூடாது; அது மெக்கானிக் வேலை. இருபது வருடம் அதில் பழகியவர். சுருதி வைப்பது மெக்கானிக் வேலை என்றும், மெக்கானிக் நான் என்றும் எடுத்துக்கொண்டார். அந்த மரியாதையை நான் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டேன்.

அப்போதைய பஸ்களை முன்னால் கம்பி போட்டுச் சுற்றிக் கிளப்ப வேண்டும். ஒரு காலையில் அந்தக் கம்பி எதிர்த்து அடித்து அடைக்கலத்தின் வலது மணிக்கட்டு ஒடிந்தது. எலும்பு கோணலாகக் கூடியது. விரல்கள் அசைந்தன, மணிக்கட்டு திரும்பவில்லை. ஸ்டீரிங்கைப் பிடிக்க முடியாது. முதலாளி அவரை வண்டி கழுவ வைத்தார். வீட்டில் மனைவி, மூன்று பிள்ளைகள். கித்தார் வாசிக்க மட்டும் அந்தக் கை போதுமானதாக இருந்தது.

அந்தச் சமயம் ஒரு நாடகக் கம்பெனி ஊரில் கொட்டகை போட்டிருந்தது. அவர்களுடைய கித்தார்க்காரர் சினிமாவுக்குப் போய்விட்டார். ஆள் தேடுகிறார்கள் என்று தெரிந்ததும் அடைக்கலத்தைக் கூட்டிக்கொண்டு போனவன் நான்தான். அதை நல்லெண்ணம் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். என் மாணவன் கம்பெனியில் வாசிக்கிறான் என்றால் எனக்குப் பெருமை. பஸ் முதலாளி, வக்கீல், டாக்டர், இன்னும் பெரிய மனிதர்கள் சிலரை நானே அழைத்திருந்தேன். பிற்பகல் மூன்று மணிக்கு முப்பது பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

கம்பெனியின் ஆர்மோனிய வாத்தியார் வெற்றிலை போட்ட வாயோடு ஒரு கட்டையை அழுத்தினார். கித்தாரின் சுருதி அதற்குக் கீழே இருந்தது. நான் காலையில் என் வழக்கப்படி சுருதி வைத்து அனுப்பியிருந்தேன். கம்பெனிப் பாட்டெல்லாம் உயரம் என்பதை விசாரிக்கக்கூட இல்லை.

"நம்ம ராஜபார்ட்டு இந்தக் கட்டையிலதான் பாடுவாரு. ஏத்துங்க" என்றார்.

அடைக்கலத்தின் இடது கை சாவிவரை போய் அங்கேயே நின்றது. கீழே இருந்த என்னைப் பார்த்தார். "வாத்தியாரே, செத்த வந்து ஏத்திக் குடுங்களேன்."

ஆர்மோனியக்காரர் சிரித்தார். "தெனம் நாடகத்துக்கு ஒங்க வாத்தியாரும் வருவாரா? டிக்கெட்டு எடுத்துக்கிட்டு வருவாரா, ஓசியிலயா?" பெஞ்சில் எல்லாரும் சிரித்தார்கள். பஸ் முதலாளிதான் அதிகம் சிரித்தார். பிறகு ஆர்மோனியக்காரர் என் பக்கம் திரும்பி, மரியாதையாகவே கேட்டார்: "நாலு வருசம் படிச்சாருங்கறாங்க. சுருதி சேக்கச் சொல்லிக் குடுக்கலீங்களா?"

இந்த இடத்தில்தான் உங்களை நிறுத்தி வைக்க விரும்புகிறேன். நெருக்கடி என்றால் மேடை சரிவது, கம்பி அறுவது என்று நினைக்கிறீர்கள். அதெல்லாம் சில்லறை. ஒரு கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் ஒரு மூச்சு நேரம் கிடைக்கிறதே, அதுதான் நெருக்கடி. என்னிடம் அந்த ஒரு மூச்சு இருந்தது. எழுந்து ஆறு படி ஏறிப் போய்ச் சாவியைத் திருக்கியிருக்கலாம். இரண்டு நிமிட வேலை. கொஞ்சம் சிரித்திருப்பார்கள். அல்லது, இல்லைங்க, நான் சொல்லித் தரவில்லை, இப்போது சொல்லித் தருகிறேன் என்று உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவருடைய காதுக்கு அங்கேயே விளங்கியிருக்கும். ஆனால் வக்கீல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவியின் கித்தாருக்கு ஏன் வாராவாரம் நானே சுருதி வைக்கிறேன் என்று அவர் யோசிக்கத் தொடங்கிவிடுவார் என்று தோன்றியது. அந்த மூச்சில் நான் நினைத்தது அவ்வளவுதான். மூன்று பிள்ளைகள் நினைவுக்கு வரவில்லை.

"எல்லாம் சொல்லிக் குடுத்தாச்சுங்க" என்றேன். "அவருக்குக் காது இல்ல. நான் என்ன செய்ய?"

ஆர்மோனியக்காரர் தலையை ஆட்டினார். காது இல்லை என்று ஒரு வாத்தியார் சொன்னால் எங்கள் தொழிலில் அதற்கு மேல் விசாரணை கிடையாது. அடைக்கலம் கித்தாரைத் துணி உறையில் போட்டு நாடாவை நிதானமாகக் கட்டினார். ஒற்றைக் கையில் கட்டுவது போலக் கட்டினார், மணிக்கட்டு திரும்பாததால்.

கொட்டகைக்கு வெளியே வந்ததும் அவர் என்னை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். நான் சொல்லித் தரவில்லை என்பது அவருக்குத் தெரியுமே. அவர் கேட்டது வேறு.

"காது இல்லன்னுதான் என்னையச் சாவியத் தொட விடலீங்களா? மின்னாடியே சொல்லியிருக்கலாமே வாத்தியாரே. நாலு வருசம் ஒங்க நேரத்தையும் வீணாக்கிட்டேன்."

என் பொய்யில் ஒரு பாதி பொய் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. மறு பாதியை நம்பிவிட்டார். ஐந்தாறு தடவை அவர் சரியாகச் சொன்னதை நான் தப்பு என்று சொல்லி வைத்திருந்தேனே, அதையெல்லாம் சாட்சியாகச் சேர்த்துக்கொண்டு நம்பினார். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். ஆர்மோனியக்காரர் இருபது கஜ தூரத்தில்தான் இருந்தார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பரவாயில்ல" என்றேன். அவரை மன்னித்தேன்.

அதன் பிறகு ஏழு வருடம் என் தொழில் நன்றாக நடந்தது. உங்களுக்குப் பிடித்தமான பகுதி அதுதான். அதை நான் எழுதப் போவதில்லை. அடைக்கலம் வண்டி கழுவுவதை விட்டுவிட்டு அரிமளம் பஸ் ஸ்டாண்டில் ஊர் பெயர்களைக் கூவிப் பயணிகளை ஏற்றிவிடும் வேலையில் இருந்தார். கித்தார் பரணில் ஏறிவிட்டது. கொட்டகைக் கதை எப்படியோ அங்கேயும் வந்து சேர்ந்திருந்தது. கண்டக்டர்கள் அவருக்குச் சுருதி என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள்.

ஒரு கல்யாணத்துக்கு வாசித்துவிட்டு நான் அரிமளத்திலிருந்து திரும்ப வேண்டியிருந்தது. பஸ்ஸில் கூட்டம். ஒரு கண்டக்டர் படிக்கட்டில் நின்று, "என்ன சுருதி அண்ணே, புதுக்கோட்டை வண்டிய எந்தக் கட்டையில கூப்புடப் போறீக?" என்று கேட்டான். அடைக்கலம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. என்னைப் பார்த்துவிட்டார். ஓடி வந்து, ஜன்னலோர இருக்கையில் தன் துண்டைப் போட்டு இடம் பிடித்து, உள்ளே இருந்தவர்களிடம் சொன்னார்: "எங்க வாத்தியாருங்க. அங்கிட்டுக் கொஞ்சம் தள்ளி ஒக்காருங்க. சொல்லிக் குடுக்கறதுல சூரரு. எனக்குத்தான் ஏறல."

அந்தத் துண்டின்மேல் உட்கார்ந்து புதுக்கோட்டைவரை வந்தேன். இறங்கி உடனே அடுத்த பஸ்ஸைப் பிடித்துத் திரும்பிப் போயிருப்பேன் என்று எதிர்பார்க்கிறீர்களா? மூன்று மாதம் ஆனது. அதில் முதல் மாதம் ஒரு கடிதம் எழுதினேன். நாலு பக்கம். நல்ல தமிழ். படித்துப் பார்த்தபோது என் நடையை நானே ரசித்தேன். கிழித்துப் போட்டேன்.

கடைசியில் ஒரு மத்தியானம் நேரில் போனேன். பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்குப் பின்னால் நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன். அன்றுதான் முதல் தடவையாக அவரை அண்ணே என்று கூப்பிட்டேன். அதுவரை டிரைவர்தான். மன்னிப்புக் கேட்க வருகிறவன் வாயில் உறவுமுறை எவ்வளவு எளிதாக வருகிறது பாருங்கள். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே திருமயம் வண்டி வந்தது. செத்த இருங்க என்று போய், கூவி, ஆட்களை ஏற்றி அனுப்பிவிட்டுத் திரும்பி வந்து நின்றார்.

"அப்ப அந்த நாலாவது கம்பி?" என்றார்.

"எறங்கித்தான் இருந்துச்சு. ஒவ்வொரு தடவையும்."

"அன்னைக்கிக் கொட்டகையில எத்தன பேரு இருந்தாங்க?"

"முப்பது பேர் இருப்பாங்க."

"அவுகள்ட்டச் சொல்லுங்க. டீக்கடைக்குப் பின்னாடி வந்து எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க?"

அது நியாயம். அந்த வருடம் என் மாணவர்களின் ஆண்டு விழாவைப் புதுக்கோட்டையில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் வைத்திருந்தோம். அந்த முப்பது பேரில் பதினெட்டுப் பேரைத் தேடிப் பிடித்து அழைத்தேன். சிலர் இறந்துவிட்டார்கள். நாடகக் கம்பெனி கலைந்து ஆர்மோனியக்காரர் எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. அடைக்கலத்துக்கு நானே போய்ச் சொன்னேன். வருவதாகவும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை.

பாட்டெல்லாம் முடிந்ததும் மேடையில் நின்று சொன்னேன். பெயர் சொல்லிச் சொன்னேன். சுருதி சேர்க்க அவருக்கு மட்டும் அல்ல, இங்கே இருக்கும் யாருக்குமே நான் சொல்லித் தரவில்லை, உங்களை என் கைக்குள் வைத்துக்கொள்வதற்காக என்றேன். பாதி மாணவர்கள் என்னை விட்டுப் போய்விடுவார்கள், வக்கீல் எழுந்து வெளியே போவார் என்றெல்லாம் தயாராக இருந்தேன்.

கை தட்டினார்கள்.

வக்கீல் மேடை ஏறி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, இவ்வளவு பெரிய மனசு யாருக்கு வரும் என்று மைக்கில் பேசினார். பஸ் முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்த மாதம் ஆறு பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். தப்பை ஒப்புக்கொள்வது இவ்வளவு லாபமான காரியம் என்று முன்பே தெரிந்திருந்தால் வருடத்துக்கு ஒன்று ஒப்புக்கொண்டிருப்பேன். இதை உங்களுக்கு எழுதும்போதும் அந்தப் பயம் இருக்கிறது. படித்துவிட்டு என்னைப் புகழ வராதீர்கள். பழமும் வேண்டாம்.

மண்டபம் காலியான பிறகு அடைக்கலம் கடைசி வரிசையிலிருந்து எழுந்து வந்தார். வந்திருந்தது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"தட்டுறாக தட்டுறாக, அப்புடித் தட்டுறாக" என்றார். "மாலை போடாத கொறதான்." சிரிக்கவில்லை. "பேச்சு போதும் வாத்தியாரே. அந்தச் சாவியத் திருக்கறதச் சொல்லிக் குடுங்க."

மறுநாள் மத்தியானம் பரணிலிருந்து இறக்கிய கித்தாரோடு என் அறைக்கு வந்தார். கம்பிகள் துருப்பிடித்திருந்தன. புதுக் கம்பி போட்டோம். எந்தக் கம்பியை எந்தக் கம்பியோடு ஒப்பிட வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று சொன்னேன். என் கள்ளச் சுருதியை விட்டுவிட்டு எல்லாரும் வைக்கும் சுருதியையே சொன்னேன். ஆறு சாவிகளையும் முழுக்கத் தளர்த்திவிட்டு, இப்போது நீங்களே வையுங்கள் என்றேன். இடது கையால் வைத்தார். ஆர்மோனியத்தை மாற்றி மாற்றி அழுத்தினேன். ஒவ்வொரு கட்டைக்கும் ஏற்றினார், இறக்கினார். ஒரு தடவைகூடத் தப்பவில்லை. மொத்தம் இருபது நிமிடம் ஆகியிருக்கும்.

கித்தாரை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இம்புட்டுத்தானா?"

"இம்புட்டுத்தான்" என்றேன்.

அவர் கித்தாரை உறையில் போட்டுக் கட்டிக்கொண்டு மூன்று மணி வண்டிக்குக் கிளம்பிவிட்டார்.

அவருக்கு ஓர் இடம் பிடித்துத் தர நான் அலைந்தேன். தெரிந்தவர்களுக்கெல்லாம் எழுதினேன். நாடகக் கம்பெனிகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. கல்யாணக் கச்சேரிக்காரர்கள் நாற்பத்தைந்து வயதுக்கு மேல் புதிதாக ஆள் எடுக்கவில்லை. என்னோடு வந்து வாசியுங்கள் என்று கூப்பிட்டேன். ஒங்களோடயா என்று கேட்டார், அவ்வளவுதான். பஸ் ஸ்டாண்டு வேலையிலேயே இருந்தார். கண்டக்டர்கள் அவரைச் சுருதி என்று கூப்பிடுவதையும் நிறுத்தவில்லை.

அந்த வாரமே என் மாணவர்கள் எல்லாருக்கும் சாவியைத் திருக்கச் சொல்லிக்கொடுத்தேன். வக்கீல் மனைவிக்கு மூன்று வாரம் ஆனது. நீங்களும் முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்துவிடுங்கள். அதன் பிறகும் ஒருவன் உங்களிடம் வந்துகொண்டிருந்தால்தான் நீங்கள் வாத்தியார். வராவிட்டால், அதுவரை நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று தெரிந்துகொள்ளலாம்.

அடைக்கலம் தினமும் விடிந்ததும், முதல் பஸ்ஸுக்கு முன்னால், வீட்டில் வாசிக்கிறார் என்று அரிமளத்தில் பலர் சொன்னார்கள். ரொம்ப நன்றாக இருக்கிறது, தெருவில் போகிறவர்கள் நின்று கேட்டுவிட்டுப் போகிறார்கள் என்றார்கள். வாரம் ஒரு நாள் வகுப்பெடுக்க நான் அந்த ஊருக்குப் போவேன். வேண்டுமென்றே முந்தின நாள் போய்த் தங்கி, விடிகாலையில் அவர் தெரு வழியாக நடப்பேன். அந்தக் காலை வாசிப்பை நான் ஒரு தடவைகூட முழுதாகக் கேட்டதில்லை. தெருமுனையில் திரும்பும்போது கித்தார் சத்தம் லேசாக வரும். நாலு எட்டு வைப்பதற்குள் நின்றுவிடும். அவர் வீட்டு ஜன்னல் தெருவைப் பார்த்த ஜன்னல் இல்லை, கொல்லைப் பக்கம். காலையில் அந்தத் தெருவில் எத்தனையோ பேர் நடக்கிறார்கள். அத்தனை பேருக்கு நடுவில் என் செருப்புச் சத்தத்தை மட்டும் பிரித்துத் தெரிந்துகொள்வார்.